காலி வட்டின் வரலாறு: வட்டு எழுதி அதை ஏன் அடையாளம் காண மறுக்கிறது?

கணினியில் உள்ள தரவுகளைக் குறுவட்டிலும் டிவிடியிலும் பதிவு செய்யும் கருவி வட்டு எழுதி எனப்படும். பேச்சுவழக்கில் இதனை ‘சிடி ரைட்டர்’ என்றும், எழுதப்படாத வட்டைக் ‘காலி சிடி’ அல்லது ‘பிளாங்க் சிடி’ என்றும் கூறுவர். இக்கருவியில் அடிக்கடி நேரும் பழுது ஒன்று உண்டு. பாட்டு வட்டையும் பட வட்டையும் தடையின்றி ஓட்டும் அதே கருவி, காலி வட்டைப் போட்டால் மட்டும் ‘வட்டைச் செருகவும்’ என்று கேட்கும். வட்டு உள்ளே சுழலும் ஓசை நம் காதில் விழும். கருவிக்கோ அங்கு வட்டே இல்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பலரையும் அலைக்கழித்த இந்தப் பழுதைப் புரிந்துகொள்ள, காலி வட்டு எவ்வாறு பிறந்தது, அதனுள் என்ன இருக்கிறது, தமிழ்நாட்டிற்கு அது எவ்வாறு வந்தது என்பவற்றை அறிய வேண்டும். காலி வட்டின் காலம் இன்று ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆயினும் அதில் எழுதி வைத்தவை நம் வீட்டு அலமாரிகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் இன்னும் இருக்கின்றன. ஆகவே இந்த வரலாறு நமக்குப் பயன்படக்கூடியது.

சொற்கள்

தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு ஆகிய இரு சொற்களும் வழக்கில் உள்ளன. இலங்கைத் தமிழர் இறுவட்டு என்பர். வட்டில் பதிவு செய்வதை ஆங்கிலத்தில் ‘எரித்தல்’ என்ற பொருள்படும் சொல்லால் குறித்தனர்; நம் ஊர்க் கடைகளில் ‘சிடி ரைட் பண்ணித் தரப்படும்’ என்றே பலகை தொங்கியது. எரித்தல், எழுதுதல் ஆகிய இரண்டும் பொருத்தமான சொற்களே. வட்டு எழுதி மை கொண்டு எழுதுவதில்லை. லேசர் ஒளியின் வெப்பத்தால் வட்டிலுள்ள சாயத்தைச் சுட்டு எழுதுகிறது.

நம் முன்னோர் ஓலையில் எழுதியதும் மையால் அன்று. எழுத்தாணியால் கீறி, பிறகு கரி பூசி எழுத்தைத் தெளிவாக்கினர். எழுதப்படாத ஓலைக்கு வெள்ளோலை என்று பெயர். அந்த வெள்ளோலையும் மரத்திலிருந்து வெட்டியவுடன் எழுதத் தக்கதாக இருப்பதில்லை. அதை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து, அளவாக நறுக்கிப் பதப்படுத்த வேண்டும். காலி வட்டும் அத்தகைய பதப்படுத்திய வெள்ளோலைதான்.

பிறப்பு

ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் இணைந்து உருவாக்கிய குறுவட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. அது ஆலையில் அச்சில் வார்க்கப்பட்ட வட்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் அதில் வரிசையாக இருக்கும். இவ்வரிசை உள்வட்டத்தில் தொடங்கி வெளிப்புறமாகச் சுருள்சுருளாகச் செல்கிறது. நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் வரும். அக்குழிகளில் லேசர் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தைக் கொண்டு கருவி தரவைப் படிக்கிறது. இந்த வட்டைப் படிக்க மட்டுமே முடியும். வீட்டில் எழுத முடியாது.

வீட்டிலும் அலுவலகத்திலும் எழுதக்கூடிய வட்டை உருவாக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. எழுதிய பின் அந்த வட்டு, ஏற்கெனவே விற்பனையான சாதாரணக் குறுவட்டுக் கருவிகளிலும் ஓட வேண்டும். அதற்கு வட்டு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அதே வேளையில் லேசர் சுட்டால் மாற்றம் அடையவும் வேண்டும். ஒளியை உறிஞ்சும் பொருள் ஒளியைத் திருப்பியும் அனுப்ப வேண்டும் என்பது ஏறத்தாழ முரணான தேவை. ஜப்பானின் தையோ யூதென் நிறுவனத்தில் எமிகோ ஹமாதாவும் உடன் பணியாற்றியோரும் 1980-களின் இறுதியில் இதற்குத் தீர்வு கண்டனர். சயனின் என்னும் கரிமச் சாயத்தை மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் தங்கப் படலம் இட்டனர். எழுதக்கூடிய குறுவட்டு இவ்வாறு உருவாயிற்று. இதற்கான பொதுத் தரத்தைப் பிலிப்ஸும் சோனியும் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்ற பெயரில் வகுத்தன.

தொடக்கத்தில் எழுதும் கருவிகள் பெரிய நிறுவனங்களால் மட்டுமே வாங்கத்தக்க விலையில் இருந்தன. 1995-இல் எச்பி நிறுவனம் 1000 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் ஒரு கருவியை வெளியிட்டது. பிறகு ஆண்டுதோறும் விலை சரிந்தது. அழித்து எழுதக்கூடிய குறுவட்டு 1997-இல் வந்தது. அதே காலத்தில் எழுதக்கூடிய டிவிடியும் வெளிவந்தது. குறுவட்டின் கொள்ளளவு 650 அல்லது 700 மெகாபைட். டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்.

காலி வட்டு உண்மையில் காலியா?

பழுதைப் புரிந்துகொள்ள இப்பகுதி முக்கியமானது. மாணவர்கள் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எதுவும் எழுதப்படவில்லை எனினும் கோடுகள் உண்டு. எத்தனை பக்கம், யார் தயாரிப்பு என்பது அட்டையில் இருக்கும். காலி வட்டும் வெள்ளைத்தாள் அன்று. கோடு போட்ட நோட்டு.

ஆலையிலேயே காலி வட்டில் ஒரு சுருள் பள்ளம் வார்க்கப்படுகிறது. குறுவட்டில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர். லேசர் இந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறது. பள்ளம் நேராக ஓடுவதில்லை. பாம்பு ஊர்வது போல் சற்றே நெளிந்து செல்கிறது. குறுவட்டில் இந்த நெளிவின் அளவு சுமார் 30 நானோமீட்டர் மட்டுமே. உரிய வேகத்தில் வட்டு சுழலும்போது, இந்நெளிவு நொடிக்கு 22,050 முறை அசையும் அலையாகக் கருவிக்குத் தெரிகிறது.

அந்த நெளிவுக்குள் செய்தி பொதிந்துள்ளது. இது எழுதக்கூடிய வட்டா, அழித்து எழுதக்கூடிய வட்டா, எவ்வளவு எழுதலாம், எவ்வளவு லேசர் வலிமை தேவை, தயாரித்தவர் யார் என்பவை அதில் உள்ளன. தயாரிப்பாளரைக் காட்டுவது ஓர் எண்தொகுதி. எடுத்துக்காட்டாக, 97:24:0 என்று தொடங்குவது தையோ யூதென் நிறுவனத்தின் வட்டு. 97:17:0 என்று தொடங்குவது இந்தியாவின் மோசர் பேர் நிறுவனத்தின் வட்டு. வட்டின் மேல் எந்த வணிகப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உண்மையில் அதைச் செய்தவர் யார் என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடும். டிவிடிகளிலும் இதுபோன்ற அடையாளக் குறிகள் உண்டு.

கருவி எவ்வாறு அடையாளம் காண்கிறது?

வட்டைப் போட்டுத் தட்டை மூடியவுடன் கருவி வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது.

முதலில் வட்டைச் சுழற்றி, ஒளி வில்லையை மேலும் கீழும் அசைத்துப் பளபளப்புப் படலம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தேடுகிறது. குறுவட்டில் அது 1.2 மில்லிமீட்டர் ஆழத்திலும் டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்திலும் இருக்கும். இதிலிருந்து வட்டின் வகையை அறிந்து, குறுவட்டுக்கு 780 நானோமீட்டர் லேசரையும் டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசரையும் பயன்படுத்துகிறது.

அடுத்து, உள்வட்டத்தில் பொருளடக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அது எழுதிய வட்டு. பொருளடக்கம் இல்லையென்றால், பள்ளத்தின் நெளிவைப் படித்து இது காலி வட்டு என்று முடிவு செய்கிறது.

எழுதத் தொடங்கும் முன் வட்டின் உள்ளோரத்தில் சோதனைக்காக ஒதுக்கிய சிறு பகுதியில் வெவ்வேறு வலிமைகளில் எழுதிப் பார்த்து, அந்த வட்டின் சாயத்திற்கு ஏற்ற வலிமையைத் தேர்ந்தெடுக்கிறது. புதுப் பேனாவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிப் பார்ப்பது போன்றது இது. குறுவட்டில் இவ்வாறு ஏறத்தாழ 100 முறை சோதிக்க இடம் உண்டு.

பழுதின் மர்மம் இப்போது விலகும். அச்சு வட்டில் ஆழமான குழிகள் இருப்பதால் கிடைக்கும் குறிப்பலை வலுவானது. காலி வட்டில் கிடைப்பது 30 நானோமீட்டர் நெளிவு தரும் மெல்லிய குறிப்பலை மட்டுமே. லேசர் சற்று வலுவிழந்தாலும், வில்லையில் சிறிது தூசி படிந்தாலும் இந்த மெல்லிய குரல்தான் முதலில் கேளாமற்போகும். பாட்டு வட்டு ஓடுகிறது என்பதால் கருவி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. காது மந்தமாகத் தொடங்கியவருக்கு உரத்த பேச்சு கேட்கும், முணுமுணுப்பு கேட்காது அல்லவா? அதுபோலத்தான்.

தரங்களின் போட்டி

வில்லையும் லேசரும் நன்றாக இருந்தும் வட்டை ஏற்க மறுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் பல, நிறுவனங்களின் போட்டியால் விளைந்தவை.

எழுதக்கூடிய டிவிடியில் நிறுவனங்கள் ஒத்துப்போகவில்லை. பயோனியர் முதலிய நிறுவனங்கள் ஒரு தரத்தையும், பிலிப்ஸ், சோனி, எச்பி முதலியவை மற்றொரு தரத்தையும் முன்வைத்தன. முதலாவது ‘மைனஸ்’ என்றும் இரண்டாவது ‘பிளஸ்’ என்றும் அழைக்கப்பட்டன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வட்டின் முகவரிச் செய்தியைப் பொதிந்து வைக்கும் முறை வேறு. ஒன்றுக்காகச் செய்த பழைய கருவி மற்றதை அடையாளம் காணாது. பின்னர் இரண்டையும் ஏற்கும் கருவிகள் வந்த பிறகே இக்குழப்பம் அடங்கியது.

அடுத்தது கருவியின் உள்மென்பொருள். ஒவ்வொரு தயாரிப்பாளரின் வட்டுக்கும் எந்த வேகத்தில், எந்த வலிமையில் எழுத வேண்டும் என்ற பட்டியல் கருவியினுள் இருக்கும். கருவி விற்பனையான பின் சந்தைக்கு வந்த வட்டு அந்தப் பட்டியலில் இராது. அப்போது கருவி தயங்கும். அல்லது வட்டை ஏற்காது. நிறுவனங்கள் அவ்வப்போது புதிய உள்மென்பொருளை வெளியிட்டது இதனால்தான்.

மூன்றாவது இயக்குதளம். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, வேறு மென்பொருளின் உதவியின்றிக் குறுவட்டில் எழுதும் வசதியைக் கொண்டிருந்தது. ஆனால் அதே வசதியைக் கொண்டு காலி டிவிடியில் எழுத முடியாது. அதற்கு நீரோ போன்ற தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸ் விஸ்டாவில்தான் இக்குறை நீங்கியது. மேலும், இத்தகைய மென்பொருளை நீக்கும்போது கணினியின் பதிவேட்டில் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்னும் பதிவுகள் சில நேரம் தங்கிவிடும். அவை குறுக்கே நின்று கருவியையே மறைத்துவிடும். இப்படி மென்பொருளால் வந்த குறைக்கு நல்ல கருவிகளைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

இந்தியாவில் காலி வட்டு

இந்தியக் காலி வட்டின் வரலாறு பெரிதும் மோசர் பேர் என்ற ஒரே நிறுவனத்தின் வரலாறு. தீபக் பூரி 1983-இல் டெல்லியில் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் நேரப்பதிவுக் கருவிகளைச் செய்தது. 1980-களின் பிற்பகுதியில் பிளாப்பி வட்டுத் தயாரிப்புக்கு மாறியது. 1999-இல் எழுதக்கூடிய குறுவட்டுத் தயாரிப்பில் இறங்கியது. உத்தரப் பிரதேசத்தின் நொய்டா, கிரேட்டர் நொய்டா ஆலைகளிலிருந்து உலகெங்கும் வட்டுகள் சென்றன. சில ஆண்டுகளிலேயே அது உலகின் மிகப் பெரிய வட்டுத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாயிற்று. இந்தியாவிலிருந்து வரும் காலி வட்டுகள்மீது ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஈடுசெய் வரி விதித்தது. அந்த அளவுக்கு ஏற்றுமதி வளர்ந்திருந்தது.

வட்டு மலிவானதும் தமிழ்நாட்டில் அது இரண்டு வகையாகப் பரவியது. ஒன்று நல்வழி. கணினி மையங்களிலும் ஒளிப்பட நிலையங்களிலும் வட்டு எழுதிகள் இடம்பெற்றன. மற்றொன்று ‘திருட்டு விசிடி’. புதுப்படம் வெளியான சில நாள்களிலேயே அதன் நகல்கள் சந்தையில் கிடைத்தன. திரைத்துறையினரின் முறையீடுகளைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ‘வீடியோ திருடர்’களையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோருக்கும் போதைப்பொருள் குற்றவாளிகளுக்கும் உரிய தடுப்புக்காவல் சட்டத்தில், வட்டில் நகல் எடுத்து விற்பவரும் சேர்க்கப்பட்டார். ஒரு பிளாஸ்டிக் வட்டு சட்டத்தின் தலைப்பையே நீளச் செய்துவிட்டது.

இதற்கு வணிக வழியில் விடை தர முயன்றதும் மோசர் பேரே. 2007-இல் அது படங்களின் உரிமையை முறைப்படி வாங்கி, விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டு வட்டின் விலைக்கே அசல் வட்டு கிடைத்தது. அடுத்த கட்டமாகத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பிலும் அந்நிறுவனம் இறங்கியது. 2008-இல் வெளிவந்த ‘பூ’ அவற்றுள் ஒன்று. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு சசி இயக்கிய அப்படம் நம் கரிசல் பூமியின் கதையைச் சொல்வது. காலி வட்டு விற்ற பணத்தின் ஒரு பகுதி இப்படிச் சிவகாசிப் பக்கத்து மனிதர்களின் கதைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் பென்டிரைவ் மலிவாயிற்று. பின்னர் இணையத்திலேயே படம் பார்க்கும் காலம் வந்தது. வட்டுக்கான தேவை சரிந்தது. சூரியமின் தகடு உள்ளிட்ட வேறு தொழில்களில் இறங்கிய மோசர் பேர் கடனில் மூழ்கியது. 2017-இல் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ஜப்பானிலும் நிலை இதுவே. எழுதக்கூடிய குறுவட்டைப் பிறப்பித்த தையோ யூதென் 2015-உடன் இத்தொழிலை விட்டு விலகியது. சோனி நிறுவனம் எழுதக்கூடிய புளூரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியுடன் நிறுத்திக்கொண்டது.

நம் வட்டாரத்தில் இருப்பவை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகரங்களிலும், ஆலங்குளம் போன்ற சிற்றூர்களிலும் ஏறத்தாழ 2000 முதல் 2015 வரை நடந்த திருமணம், காதணி விழா, கோயில் குடமுழுக்கு, பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றின் ஒளிப்பதிவுகளில் பெரும்பாலானவை வட்டிலேயே கொடுக்கப்பட்டன. அதற்கு முன் எடுத்த வீடியோ கேசட்டுகளையும் பலர் வட்டுக்கு மாற்றிக்கொண்டு, கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டனர். இறந்துபோன தாத்தா பாட்டி நடமாடிய ஒரே பதிவு அந்த வட்டில்தான் இருக்கும். பள்ளிகளில் மாணவர் பட்டியல், வினாத்தாள், விழாப் படங்கள் ஆகியவையும் வட்டில் சேமிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் வட்டு நூறாண்டு நிலைக்கும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது.

அந்த நம்பிக்கை முழுமையாகச் சரியன்று. எழுதக்கூடிய வட்டில் இருப்பது கரிமச் சாயம். வெயிலில் துணிச்சாயம் வெளுப்பது போல் வெப்பம், ஈரப்பதம், ஒளி ஆகியவற்றால் இதுவும் மாறும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2003-இல் ஒரு பராமரிப்புக் கையேட்டை வெளியிட்டது. அதன்படி, நன்கு பதிவு செய்த குறுவட்டு நூறாண்டுக்கு மேலும் நிலைக்கும் என்று தயாரிப்பாளர்கள் கணித்தனர். ஆனால் எழுதாமல் வைத்திருக்கும் வட்டு எழுதத் தக்கதாக இருப்பது எச்சரிக்கையான மதிப்பீட்டில் 5 முதல் 10 ஆண்டுகள் மட்டுமே. எனவே பத்துப் பதினைந்து ஆண்டு அலமாரியில் கிடந்த காலி வட்டைக் கருவி ஏற்கவில்லை என்றால், குற்றம் கருவியுடையது அன்று என்பதே பெரும்பாலும் உண்மை.

பழுது பார்க்கும் வரிசை

எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே நல்ல முறை.

1. வட்டின் உறையைப் படியுங்கள். குறுவட்டா, டிவிடியா, மைனஸா, பிளஸா, புளூரேயா என்பதைக் கருவியின் முகப்பிலுள்ள குறியோடு ஒப்பிடுங்கள். குறுவட்டு மட்டும் எழுதும் கருவி டிவிடியை ஏற்காது.

2. வேறு நிறுவனத்தின் காலி வட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதை ஏற்றால் குறை வட்டில் அல்லது உள்மென்பொருளில் உள்ளது. அதே வட்டை வேறு கணினியிலும் சோதியுங்கள்.

3. குறுவட்டு, டிவிடி இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்றை மட்டும் ஏற்கவில்லை என்றால், அதற்குரிய லேசர் வலுவிழந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் தனித்தனி லேசர் என்பதை முன்பே கண்டோம்.

4. யுஎஸ்பி மூலம் இணைக்கும் வெளிக்கருவி என்றால், நீட்டிப்புக் கம்பியையும் பல்முனை இணைப்பியையும் நீக்கிவிட்டுக் கணினியின் துளையில் நேரடியாகச் செருகுங்கள். பழைய யுஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே தரும். படிக்க அது போதும். எழுதப் போதாமல் போகலாம்.

5. மென்பொருளைச் சோதியுங்கள். வேறொரு எழுதும் மென்பொருளையோ, பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸையோ பயன்படுத்திப் பாருங்கள். அங்கே வட்டு தெரிந்தால் குறை விண்டோஸில்தான். வட்டின் நெளிவில் உள்ள தயாரிப்பாளர் எண்ணையும் லினக்ஸில் படித்துப் பார்க்கலாம்.

6. தூசியை நீக்குங்கள். வில்லையைக் காற்றூதியாலோ, சுத்தம் செய்வதற்கான தூரிகை வட்டாலோ மென்மையாகத் துடைக்க வேண்டும். வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் வழியே ஓடித் தரவு கெடும்.

7. இவை எதுவும் பயன்படவில்லை எனில் லேசர் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதைப் பழுது பார்ப்பதைவிட வேறு கருவி வாங்குவதே சிக்கனம்.

ஓர் எச்சரிக்கை. நிகழ்ச்சி பதிவு செய்த வட்டு என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தும், கணினி அதைக் ‘காலி வட்டு’ என்று காட்டினால், ஒருபோதும் அதில் எழுதாதீர்கள். வடிவமைக்கச் சொன்னாலும் இசையாதீர்கள். பதிவை முறையாக முடித்து மூடாத வட்டுகள், குறிப்பாக வீடியோ கேமராவில் நேரடியாகப் பதிவான சிறு டிவிடிகள், வேறு கருவிகளில் காலியாகவே தோன்றும். வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி உள்வட்டத்திலிருந்து தொடங்கிச் சற்று வேறான நிறத்தில் வளையமாகத் தெரியும். வளையம் தெரிந்தால் உள்ளே தரவு இருக்கிறது. அதை மீட்க மென்பொருள்கள் உண்டு.

நகலே காவல்

பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்குப் படியெடுப்பதே பல ஆண்டுகள் நாம் அறிந்த பாதுகாப்பு முறை. காலி வட்டை ஏற்காத கருவி அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆனால் எழுத முடியாத கருவி பல நேரம் படிக்கும். அந்த வாய்ப்பு இருக்கும்போதே வட்டில் உள்ளதை வன்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு படி போதாது; இரண்டு வெவ்வேறு இடங்களில் வைப்பது நல்லது. வட்டுகளை நிழலான, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். குறுவட்டின் தரவுப் படலம் பெயர் எழுதும் பக்கத்திற்கு மிக அருகில் இருப்பதால், அங்கே பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது.

தமிழ் நூல்களைக் காத்தவர்கள் இதை முன்பே உணர்ந்து செயல்பட்டனர். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த நூல்களைக் கொண்டு சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் 1990-களில் நுண்படச் சுருளைத் தேர்ந்தெடுத்தது. அதைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கியும் போதும். எந்த நிறுவனத்தின் கருவியையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை அன்றைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சிட்டு வெளியிட்டது. பின்னர் ஒருங்குறி வந்தபோது அதற்கு மாற்றியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேவாரப் பதிகங்களை மொழிபெயர்ப்புடன் 2007-இல் ‘கணினித் தேவாரம்’ என்ற குறுவட்டாக வெளியிட்டது. பின்னர் அது இணையத்திலும் இடம்பெற்றது. இன்று குறுவட்டுக் கருவி இல்லாத மாணவரும் அதைப் படிக்க முடிகிறது.

ஓலைச்சுவடிகள் நம் கைக்கு வந்ததும் இப்படித்தான். பனையோலை நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளே தாங்கும். சங்க நூல்கள் இரண்டாயிரம் ஆண்டு கடந்து வந்தது ஓலையின் வலிமையால் அன்று. ஏடு சிதையும் முன் யாரோ ஒருவர் வெள்ளோலை எடுத்து உட்கார்ந்து படியெடுத்ததால். படியெடுக்க ஆளில்லாத நூல்கள் பெயரளவில் மட்டுமே நமக்குத் தெரிகின்றன.

வட்டுக்குச் சில நூற்றாண்டுகள் இல்லை. சில பத்தாண்டுகளே உண்டு. வட்டைவிடவும் விரைவாக மறைவது அதைப் படிக்கும் கருவி. புதிய மடிக்கணினிகளில் வட்டு இயக்கி வருவதே அரிதாகிவிட்டது. வீட்டில் ஒரு பழைய கருவி இன்னும் ஓடுகிறது என்றால், காலி வட்டை அது ஏற்கவில்லையே என்று வருந்துவதற்கு முன், அலமாரியில் எழுதி வைத்த வட்டுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பாருங்கள். மாணவர்கள் இந்தப் பணியைத் தங்கள் வீட்டிலும் பள்ளியிலும் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கலாம்.